இசைத்தட்டின் பின்னால் ஒரு மனிதர்

‘டிஸ்க் ஜாக்கி’ என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் குடும்பத் தலைவர்களுள் பலர் முகம் சுளிப்பர். சுழலும் வண்ண விளக்குகள், காதைப் பிளக்கும் ஓசை, நள்ளிரவு கடந்தும் ஓயாத ஆட்டம் ஆகியவையே அவர்தம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் அப்பெயருக்குரிய பணி நமக்குப் புதியதன்று. பிறர் கேட்பதற்கெனப் பாடல்களைத் தெரிந்தெடுத்து, இன்னதன்பின் இன்னது என வரிசைப்படுத்தி, உரிய வேளையில் ஒலிக்கச் செய்பவரே டிஸ்க் ஜாக்கி. அத்தகையவர் ஒருவர் இல்லாமல் நம் பங்குகளில் எந்தத் திருவிழாவும் நடந்ததில்லை. அவரை நாம் ‘மைக் செட்காரர்’ என்று அழைத்தோம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்திற்குத் தெற்கே, டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் செங்கற் சுவர்கள் இன்றும் கடலை நோக்கி நிற்கும் சதுரங்கப்பட்டினத்தை வாசகர்கள் அறிந்திருப்பர். முன்னாளில் மெல்லிய துணிக்குப் பேர்போன ஊர். இந்நாளில் கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் அண்டை ஊர். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த குப்பங்களிலும் ஒரு தலைமுறைக் காலத்தில் இசை இரு வழிகளில் வந்தது. ஒன்று, பந்தற்காலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய். மற்றொன்று, கடல் கடந்து வந்த இலங்கை வானொலி. மூன்றாவதாக இப்பொழுது கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து விடுதிகளின் நடன மேடை வந்திருக்கிறது. இம்மூன்றிலும் பாடலைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் தம்மைக் கேட்போரை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதில்தான் வேறுபாடெல்லாம் அடங்கியிருக்கிறது.

மைக் செட்காரரிடமிருந்தே தொடங்குவோம். அவரது மூலதனம் ஒரு பெருக்கிப் பெட்டி, ஓர் இசைத்தட்டுச் சுழலி, ஒரு மின்கலம், இரண்டு கூம்புக் குழாய்கள், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்தப் பழைய அரக்குத் தட்டுகளில் ஒரு பக்கத்திற்கு ஒரு பாட்டுத்தான். ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகையால் அவர் எழுந்து போக இயலாது. ஊசி தேய்ந்தால் மாற்ற வேண்டும், தட்டைத் திருப்ப வேண்டும், அடுத்ததைத் துடைத்து வைக்க வேண்டும். விடியற்காலையில் பக்திப் பாடல். கொடியேற்றத்திற்கு மாதா பாடல். உணவு வேளையில் சினிமாப் பாட்டு. மணப்பெண் பந்தலுள் நுழைகையில் அதற்கென ஒரு பாட்டு. தெருவில் ஒரு சாவு நேர்ந்தால் உடனே நிறுத்தம். இந்த ஒழுங்கை அவருக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரின் துக்கமும் மகிழ்ச்சியும் அவருக்குத் தெரியும். ஏனெனில் அவரும் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார். பாட்டு பிடிக்கவில்லையெனில் பெரியவர் ஒருவர் பந்தலுக்கு வந்து, “தம்பி, அதை மாற்று” என்பார். மாற்றாமல் இருக்க முடியுமா?

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. குழாயை ஆலமரத்து உச்சியில் கட்டிவிட்டு, மூன்று கல் தொலைவுக்குக் கேட்கிறது என்று பெருமைப்பட்டவரும் அவரே.

பெயர் வந்த கதை

‘டிஸ்க்’ என்பது இசைத்தட்டு. ‘ஜாக்கி’ என்பது பந்தயக் குதிரையைச் செலுத்துபவன். சுழலும் தட்டின்மேல் ஏறி அதனைத் தன் கருத்துப்படி செலுத்துபவன் என்ற பொருளில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் கேலியாகச் சூட்டிய பெயர் இது. 1935-ஆம் ஆண்டில், விமானி லிண்ட்பர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்ற வழக்கின் விசாரணையை நியூயார்க் வானொலி நிலையமொன்று நேயர்களுக்குத் தெரிவித்துவந்தது. வழக்கு மன்றம் ஓய்ந்திருந்த இடைவேளைகளை நிரப்ப மார்ட்டின் பிளாக் என்னும் அறிவிப்பாளர், நிலையத்தில் இசைத்தட்டுகள் இல்லாமையால் கடையிலிருந்து வாங்கிவந்து ஒலிக்கச் செய்தார். ஒரு நடன மண்டபத்தில் வாத்தியக் குழு நேரில் அமர்ந்து வாசிப்பதுபோல் அவர் பேசிய பேச்சில் மக்கள் மயங்கிப்போயினர். இசைத்தட்டைக் கொண்டு நிகழ்ச்சி நடத்தலாம், அதற்கு வேண்டியது குரலும் கற்பனையுமே என்று அன்று தெரியவந்தது.

நம் சென்னையோ இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிச் சங்கம், மூன்று ஆண்டுகளில் பணமின்றி நின்றுபோயிற்று. அதன் கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் முற்பகலில் ஒரு மணி நேரம் இசைத்தட்டு இசை அதில் இடம்பெற்றது. அத்தட்டுகளைப் போட்டவரின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் பணி முடிவுற்றது.

கடல் கடந்து வந்த குரல்

இசைத்தட்டுக்குப் பின்னால் நின்ற மனிதரைத் தமிழர் பெயர் சொல்லி நேசிக்கத் தொடங்கியது இலங்கை வானொலியால்தான். அதற்கு வழி திறந்துவிட்டதில் நம் அரசாங்கத்துக்கும் பங்குண்டு என்பது வேடிக்கை. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், செவ்விசையில் தோய்ந்தவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கும் என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகி மறைந்தன. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமை நிறுவிய ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவிகள் போர் முடிந்தபின் இலங்கை வசமாயின. 1950-இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டின் கடற்கரையோரத்திற்கோ கூடுதல் வாய்ப்பு ஒன்று இருந்தது. மத்திய அலை, தரையைக் காட்டிலும் உப்பு நீரின்மேல் வெகு தூரம் தளராமல் செல்லும் இயல்புடையது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 620 கிலோ மீட்டர். இடையே பெரும்பகுதி கடலே. கரையில் வலைகளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தோருக்கு அக்கரையிலிருந்து வந்த குரல் அடுத்த வீட்டுக் குரல்போல் கேட்டதில் வியப்பில்லை.

இந்தியில் இதே நிலையத்திலிருந்து 1952 டிசம்பரில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ பற்றி இங்கு ஒரு வார்த்தை. வாரத்திற்கு 25 ரூபாய் சம்பளத்தில் அவர் அப்பணியை ஏற்றார். முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன. ஓரிரு ஆண்டுகளுக்குள் வாரந்தோறும் 65,000 என்றாயிற்று. ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று அவர் விளிக்கும் முறை நாடெங்கும் பரவியது. 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, பாடல்களைக் காட்டிலும் அந்த விளியையே பலரும் நினைவுகூர்ந்தனர்.

தமிழில் அவ்விடத்தைப் பிடித்தவர்கள் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீது முதலியோர். மயில்வாகனனின் நிதானம் ஒரு வகை; மின்னல்போல் பாய்ந்து செல்லும் ராஜாவின் வேகம் மற்றொரு வகை. வேகமாகப் பேசினாலும் ஓர் எழுத்தும் சிதையாது என்பதே அவரைக் கேட்டவர்கள் இன்றும் வியப்பது. லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் நின்றன. பள்ளிக்கூடத்தில் உச்சரிப்பு கற்றதைவிட இலங்கை வானொலியில் கற்றதே அதிகம் என்று கூறும் தமிழாசிரியர்கள் உண்டு. ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’ என்று நிகழ்ச்சிகளுக்கு இட்ட பெயர்களிலேயே ஒரு மரியாதை தென்படும். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னாளில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்து வீடு வீடாக நுழைந்தது.

இவர்கள் நேயரைக் கண்டதில்லை, ஆனால் அறிந்திருந்தனர். எவ்வாறு? அஞ்சலட்டைகளால். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் பெயர், பெற்றோர், பாட்டன் பாட்டியர், ஊர், விரும்பும் பாடல் யாவும் அட்டையில் வரும். அறிவிப்பாளர் அதனை வாசிக்கும்போது, அவ்வூரார் அனைவரும் ஒரு கணம் பெட்டியருகே நெருங்குவர். ஒரு குக்கிராமத்தின் பெயரைக் கடல் கடந்த நாட்டில் ஒருவர் பிழையின்றி உச்சரித்தால், அவ்வூருக்கு அது ஒரு பட்டமளிப்பு விழா அன்றோ! கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் வேறொரு வழியிலும் வாய்த்தது. மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணிக்கு எத்தனை பங்குகளிலிருந்து கடிதங்கள் சென்றன, எத்தனை நேயர் சந்திப்புகள் நிகழ்ந்தன என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். 2018-இல் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்று, இணையத்திற்கு மாறியது. சிற்றலைப் பெட்டியைத் திருகித் திருகி இரைச்சலுக்கிடையே அக்குரலைத் தேடிய பழக்கமும் அதனோடு போயிற்று.

கேஸ்கரின் தடை நெடுநாள் நிற்கவில்லை. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி பிறந்தது. சினிமாப் பாட்டு மீண்டும் நம் வானொலிக்குத் திரும்பியது. ரசனையைச் சட்டத்தால் உயர்த்த முயன்றவர் தோற்றார் என்று சிலர் நகைப்பர். அவரது கவலையை நான் நகைப்புக்குரியதாகக் கருதவில்லை. பெட்டியைத் திருப்பும் உரிமை நேயர் கையில் இருந்ததை அவர் மறந்தார் என்பேன்.

கையூட்டும் கணிப்பொறியும்

பாடலைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் குவிந்தால், அதனை விலைக்கு வாங்க வருவோரும் உண்டு. அமெரிக்காவில் ஆலன் பிரீட் என்பவர் கறுப்பின மக்களின் இசையை வெள்ளை இளைஞரும் கேட்கும்படி செய்த புகழ்பெற்ற டிஸ்க் ஜாக்கி. 1952 மார்ச்சில் கிளீவ்லாந்து நகரில் அவர் ஏற்பாடு செய்த இசை நிகழ்ச்சிக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம் வந்து, நிகழ்ச்சியே பாதியில் நின்றது. அத்தகையவர் 1959-இல் பணி நீக்கப்பட்டார். இசைத்தட்டு நிறுவனங்களிடம் பணம் பெற்றுப் பாடல்களை ஒலிக்கச் செய்த குற்றத்தை 1962-இல் ஒப்புக்கொண்டார். 1965-இல், 43 வயதில், வறுமையில் இறந்தார். 1960-லேயே இத்தகைய மறைமுகக் கையூட்டை அமெரிக்கச் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்குப்பின் நிலையங்கள் கண்ட வழி, பாடலைத் தெரிந்தெடுக்கும் உரிமையை டிஸ்க் ஜாக்கியிடமிருந்து எடுத்து நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவது.

இந்தியாவில் பண்பலை முதன்முதலில் ஒலித்தது சென்னையில், 1977-இல். தனியார் பண்பலை 2001 ஜூலையில் பெங்களூரில் தொடங்கி மற்ற நகரங்களுக்குப் பரவியது. ‘ரேடியோ ஜாக்கி’ அல்லது ‘ஆர்.ஜே.’ என்னும் புதிய தொழில் நம் இளைஞருக்கு அறிமுகமாயிற்று. கடகடவென்று சிரித்துப் பேசும் இவர்களே பாடலையும் தெரிந்தெடுக்கின்றனர் என்று நேயர் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறில்லை. நேயர் கருத்தாய்வுகளைக் கொண்டு இசைப்பிரிவு ஒரு பட்டியலை வகுக்கிறது, கணிப்பொறி அதனை மணிக்கணக்கில் அடுக்குகிறது, ஆர்.ஜே. இடைவெளிகளில் பேசுகிறார். சொந்தமாகச் செய்தி சொல்லவும் தனியார் பண்பலைக்கு அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவே. எனினும் 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, உணவு எங்கே கிடைக்கும், படகு எங்கே வேண்டும் என்று இந்த ஆர்.ஜே.க்கள் அறிவித்ததைப் பலர் நன்றியோடு நினைக்கின்றனர். பட்டியலைக் கணிப்பொறி வகுக்கலாம். முழங்கால் நீரில் நிற்பவருக்கு மறுமொழி கூற ஒரு மனிதர்தான் தேவைப்பட்டார்.

இரவுக் கூடத்து டிஸ்க் ஜாக்கியின் கதை வேறு. பிரெஞ்சு மொழியில் நூலகத்தைக் குறிக்கும் சொல்லைப் பின்பற்றி, இசைத்தட்டுகளின் இருப்பிடம் என்ற பொருளில் ‘டிஸ்கோத்தே’ என்னும் சொல் உருவாயிற்று. 1953-இல் பாரிஸ் நகரத்து விடுதியொன்றில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஆட்டம் நின்றுபோவதைக் கண்டு, இரு சுழலிகளை அருகருகே வைத்து இடைவெளியை ஒழித்தது தாமே என்று ரெஜின் என்னும் அம்மையார் கூறிவந்தார். 1973 ஆகஸ்ட் 11-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு, பாட்டின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார். ‘ஹிப் ஹாப்’ என்று உலகெங்கும் இளைஞர் பாடுவது அங்கே முளைத்தது. ஏழைத் தெருவொன்றில், பழைய தட்டுகளைக் கொண்டு, புதிய இசைக் கருவியையே கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். இக்கலையை வெறும் கூத்து என்று ஒதுக்குவது நியாயமாகாது. நல்ல டிஸ்க் ஜாக்கி ஆடுவோரின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது தணிப்பது என்பதை அவர்களிடமிருந்தே கற்பார். பந்தலில் இருந்த நம் மைக் செட்காரரும் அதைத்தான் செய்தார்.

ஆனால் அவர் ஆடுவோரை மட்டுமே பார்க்கிறார் என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் கடந்து வடக்கே செல்லும் கரையில், விடுதிக்கும் குப்பத்திற்கும் இடையே பல இடங்களில் ஒரு மதிற்சுவரே எல்லை. கடலுக்குச் செல்பவர் விடியுமுன் படகைத் தள்ள வேண்டும். அவர் கண்ணயரும் நேரமே மதிலுக்கு அப்பால் மேளம் உச்சத்தை எட்டும் நேரம். தாழ்ந்த சுருதி அலைகள் சுவரையும் ஊடுருவும். பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும். “தம்பி, அதை மாற்று” என்று சொல்லப் பெரியவர் உள்ளே போக முடியாது, வாயிற்காவலர் விடமாட்டார்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். இவ்விதிகளை விடுதிக்காரருக்கு எடுத்துக்காட்டுமுன் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் இப்பொருள் பற்றி வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு ஒரு நடன விடுதியைப் பற்றியதன்று. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் பற்றி அண்டை வீட்டார் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியால் செபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் கூறவில்லை என நீதிபதிகள் எழுதினர். நம் நவநாள் பந்தலின் குழாய் யார் வீட்டுச் சன்னலை நோக்கித் திரும்பியிருக்கிறது? கைக்குழந்தையுள்ள வீடு, நோயாளியுள்ள வீடு, தேர்வுக்குப் படிக்கும் மாணவியின் வீடு எவை என்பது நாம் அமர்த்தும் ‘டி.ஜே.’க்குத் தெரியுமா? அவர் வெளியூரிலிருந்து வண்டியோடு வருகிறார். தெரியாது. பங்குப் பேரவைக்குத் தெரியும். அது சொல்ல வேண்டும்.

கடலோர மக்களுக்கென்றே பாடலும் பேச்சும் கலந்து தரும் வானொலி ஒன்று நம் மாநிலத்தில் உண்டு. அலைவரிசை பொதுமக்களின் உடைமை என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் தொடர்ச்சியாகச் சமுதாய வானொலிகளுக்கு வழி பிறந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை இந்தியாவின் முதல் வளாக வானொலியாக ஒலித்தது. 2016-இல் பாம்பனில் தொடங்கிய ‘கடல் ஓசை 90.4’ மீனவர்களுக்காகவே நடைபெறுவது. அங்கே பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே காற்றின் வேகமும் அலையின் உயரமும் சொல்லப்படும். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் தாக்கியபோது, கரையில் நின்றவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் வந்து சேரவில்லை. ஐதராபாத்தில் தேசிய எச்சரிக்கை மையம் 2007-இல்தான் அமைந்தது. மையத்திலிருந்து செய்தி புறப்பட்டாலும், மக்கள் நம்பும் குரலொன்று அதனைத் தங்கள் தமிழில் சொன்னால்தான் படகு திரும்பும். பாட்டுப் போட்டுப் பழகிய குரலுக்கு அந்த நம்பிக்கை எளிதில் கிட்டுகிறது.

இனி, மகன் அல்லது மகள் டி.ஜே. ஆக விரும்புவதாகக் கூறித் திகைத்து நிற்கும் பெற்றோருக்குச் சில செய்திகள். தொழில் சட்டத்துக்குட்பட்டதே. விடுதியிலும் கட்டண நிகழ்ச்சியிலும் பதிவு செய்த பாடலை ஒலிக்க உரிமையாளரின் உரிமம் வேண்டும். திருமணத்தோடு இணைந்த கொண்டாட்டங்களுக்கும் உண்மையான சமயச் சடங்குகளுக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்களிக்கிறது. நிகழ்ச்சியைப் பேசும்போது எத்தனை மணிக்கு முடிப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளும்படி பிள்ளையிடம் கூறுங்கள். காவலர் வரும்போது விடுதிக்காரர் கைகாட்டுவது பெரும்பாலும் டி.ஜே.யைத்தான். இரவு வேலையில் ஊதியத்தைப் பணமாகவே பேசுங்கள், பானமாக வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாகச் செவி. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலைக் கால் மணி நேரமே தாங்கும்; நடனக் கூடங்களின் ஓசை பெரும்பாலும் அந்த நூறை ஒட்டியே நிற்கிறது. கெட்ட செவி மீளாது. இசைக் கலைஞருக்கென்றே செய்யப்படும் செவியடைப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. முதல் ஒலிப்பெட்டியை வாங்கித் தருமுன் அவற்றை வாங்கிக் கொடுங்கள்.